சாப்பாட்டறை ஜன்னலுக்கு எந்தத் திரை? மலையக வீடுகளுக்கான கேள்வி பதில்

துணிக்கடையில் முதலில் நிறம் பார்ப்போம், பிறகு விலை கேட்போம். இலங்கை மலையகத்தில் இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, நனைந்தால் இந்தத் துணி எத்தனை நாளில் காயும் என்பது. சாப்பாட்டறைத் திரையில் நீராவி, எண்ணெய்ப் புகை, பிள்ளைகளின் கை எல்லாம் படும். அடிக்கடி துவைக்க முடியாத துணி அங்கே ஒரு வருடம்கூட நல்லபடி இருக்காது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஈரக் கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

பருத்தி நல்லதா, பொலியெஸ்டர் நல்லதா?

வீடு மலையின் எந்தச் சரிவில் இருக்கிறது என்று பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. வட்டவளை, கினிகத்தேனை போன்ற இடங்களில் வருட மழை 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். அங்கே தடித்த பருத்தித் துணியை ஆடி மாதத்தில் துவைத்தால், மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் அடி மடிப்பில் ஈரம் நிற்கும். பூஞ்சணம் பிடிக்க அந்த ஈரம் போதும். இந்தப் பக்கத்துக்கு மெல்லிய பொலியெஸ்டர் அல்லது பொலியெஸ்டர் கூடுதலாக உள்ள பருத்திக் கலப்புதான் சரி. பிழிந்து தொங்கவிட்டால் அடுப்படிச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை அடங்கிய ஊவாப் பக்கம் கதை வேறு. மேற்கில் கொட்டும் அதே ஜூன், ஜூலையில் இங்கே வெயிலும், மலையைத் தாண்டி வறண்டு வீசும் கச்சான் காற்றும். மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். துவைத்துக் காயப்போட நல்ல மாதங்கள் நிறைய இருப்பதால் பருத்தியையும் கைத்தறியையும் தாராளமாகப் போடலாம். மருதமுனைக் கைத்தறியில் கோடு போட்ட துணிகள் சாப்பாட்டறைக்கு அழகாக இருக்கும். ஆனால் முதல் துவைப்பில் சுருங்கும் என்பதைக் கணக்கில் எடுத்தே வாங்குங்கள்.

வெல்வெட், செனில், தடித்த ஜக்காட் மூன்றும் எந்தச் சரிவிலும் வேண்டாம். கருவாடு பொரித்த வாசம் ஏறினால் ஒரு வாரத்துக்கு இறங்காது. கடைக்காரர் இவற்றைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார், பார்வைக்குப் பணக்காரத்தனமாக இருக்குமல்லவா.

சந்தேகம் இருந்தால் முதலில் கால் யார் (கெஜம்) மட்டும் வாங்குங்கள். நீள அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, வீட்டுக்குள்ளேயே தொங்கவிடுங்கள். மறுநாள் மாலைக்குள் காயாவிட்டால் அந்தத் துணி வேண்டாம். காய்ந்தபின் திரும்ப அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். ஊறிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரியும்.

எத்தனை யார் துணி வாங்குவது? தையல்காரர் ஒன்று சொல்கிறார், கடைக்காரர் ஒன்று சொல்கிறார்.

நீங்களே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். 5 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஜன்னலுக்கு, மேல் ஓரத்தில் கம்பி நுழையும் ஐலெட் வளையம் வைத்த இரண்டு திரைகள் என்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் கம்பியின் நீளம். ஜன்னல் சட்டத்தின் அகலம் 60 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் கூட்டினால் 76. இந்த 8 அங்குலத்தைச் சிலர் வீண் என்று வெட்டிவிடுவார்கள். பகலில் திரையை ஒதுக்கும்போது அந்தச் சுருக்கம் கண்ணாடியில் விழாமல் சுவரில் நிற்பதற்கான இடம் அது. பனிமூட்டம் மூடிக் கிடக்கும் நாட்களில் சாப்பாட்டறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். அதில் கண்ணாடியையும் துணியால் மறைத்தால் எப்படி?

அடுத்து அகலம். சுருக்கம் அழகாக விழக் கம்பி நீளத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 152 அங்குலம். 54 அங்குல அகலத் துணி என்றால் மூன்று பன்னை, அதாவது துணியின் முழு அகலத்தோடு வெட்டிய மூன்று துண்டு. ஒரு திரைக்கு ஒன்றரைப் பன்னை, 81 அங்குலம். ஒட்டுத் தையலுக்கு 1, இரு ஓர மடிப்புக்கு 3 போக 77 மிஞ்சும். இரண்டு திரைக்கும் 154, கணக்குச் சரி.

பிறகு உயரம். கம்பி சட்டத்துக்கு மேலே 4½ அங்குலம், திரை சட்டத்துக்குக் கீழே 6 அங்குலம், கம்பிக்கு மேல் நிற்கும் தலைப்பு 1½. ஜன்னலின் 48 உடன் கூட்டினால் 60 அங்குலம். மேல் மடிப்புக்கு 5, கீழ் மடிப்புக்கு 5 சேர்த்து 70. பருத்தி என்றால் 5 வீதம் சுருங்கும் என்று வைத்து 74 ஆக வெட்டுங்கள். மூன்று பன்னைக்கு 222 அங்குலம், கடையில் 6¼ யார் கேட்கலாம்.

பூ டிசைன் போட்ட துணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே பூ 18 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், ஒவ்வொரு பன்னையும் 18இன் மடங்காக இருந்தால்தான் ஒட்டுத் தையலில் பூவும் பூவும் சேரும். 74க்கு மேல் வரும் மடங்கு 90. மூன்று பன்னைக்கு 270 அங்குலம், 7½ யார். 6¼ யார் வாங்கிக்கொண்டு போனால் தையல்காரர் எப்படியாவது தைத்துத் தருவார். ஒட்டில் பாதிப் பூவும் பாதி இலையுமாக நிற்கும்.

பருத்தியை வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். தைத்தபின் சுருங்கினால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

ஐலெட் எத்தனை வேண்டும்?

இரட்டைப்படையில் இருக்க வேண்டும், அப்போதுதான் திரையின் இரு ஓரமும் ஒரே பக்கமாகத் திரும்பும். மேலே சொன்ன 77 அங்குலத் திரைக்கு 12 வளையம் போதும். ஓரத்திலிருந்து 2 அங்குலம் விட்டு முதலாவது, அதன்பின் 6½ அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி. வளையத்தின் உள் விட்டம் 40 மில்லிமீற்றர் என்றால் கம்பி 25 முதல் 28 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். அதைவிடத் தடித்தால் இழுக்கும்போது சிக்கும்.

தரை வரை நீளமாக விடலாமா, ஜன்னலோடு நிறுத்தவா?

சாப்பாட்டறையில் ஜன்னலோடு நிறுத்துங்கள். தரையைத் தொடும் துணி சீமெந்துத் தரையின் ஈரத்தை உறிஞ்சும், தரை துடைக்கும் தண்ணீரில் நனையும், பின்னால் இழுக்கும் கதிரையின் காலில் மாட்டும். நீளத் திரைதான் வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால் தரையிலிருந்து ஓர் அங்குலமாவது தூக்கித் தையுங்கள். இடைப்பட்ட நீளம், அதாவது ஜன்னலுக்கும் தரைக்கும் நடுவில் தொங்குவது, குட்டைப் பாவாடை கட்டியதுபோல இருக்கும்.

எங்கள் ஜன்னல் கிழக்குப் பக்கம். வெயிலுக்கு என்ன செய்வது?

காலைச் சாப்பாட்டு நேரத்தில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மெல்லிய வொயில் துணி ஒரு படை போட்டால் கண் கூசாது, வெளிச்சமும் குறையாது. மேற்குப் பக்க ஜன்னலுக்குச் சற்று அடர்த்தியான துணி தேவை. வடக்கு, தெற்கு ஜன்னல்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மலையகம் ஏறக்குறைய 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் மதியச் சூரியன் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் உச்சிக்கு நேரே நிற்கும். மற்ற நாட்களிலும் உச்சியை விட்டு வெகுதூரம் சாயாது. கூரையின் தாழ்வாரமே அந்த வெயிலைத் தடுத்துவிடும்.

குளிர்ப் பிரதேசம்தானே, துணி வெளிறாது என்று நினைக்காதீர்கள். 1,000 மீற்றர் உயரத்துக்குச் சுமார் 10 வீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடும் சிவப்பும் நீலமும் மடிப்பின் வெளிமுகத்தில் கோடுகோடாக வெளிறும். கிழக்கு மேற்கு ஜன்னல்களுக்கு வெளிர் நிறமோ, வெள்ளை லைனிங் வைத்த திரையோ போடுங்கள்.

திரையின் பின்பக்கம் கரும்புள்ளிகள் வருகின்றன. ஏன்?

அது பூஞ்சணம். இரவில் கண்ணாடி குளிர்ந்து கிடக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர். அடுப்படியிலிருந்து வரும் நீராவி அந்தக் கண்ணாடியில் பட்டுத் தண்ணீராக வழியும். மூடிய திரைக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் அந்த ஈரம் அங்கேயே நிற்கும். துணி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் நேரே உறிஞ்சிக்கொள்ளும். அதில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு தயார்.

கம்பியைத் தாங்கும் பிராக்கெட் துணியைக் கண்ணாடியிலிருந்து 3 அங்குலமாவது தள்ளி நிறுத்த வேண்டும். காலையில் எழுந்ததும் திரையை முழுதாக ஒதுக்கி, கண்ணாடியையும் சட்டத்தின் அடிப்பலகையையும் பழைய துணியால் துடைத்துவிடுங்கள். கேத்தல் கொதிக்கும்போதும் சோறு வேகும்போதும் அடுப்படி ஜன்னலைத் திறந்து, சாப்பாட்டறைக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். இவற்றைச் செய்யாமல் துணியை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குப் புதுத் துணியிலும் புள்ளி வரும்.

வந்த புள்ளியைப் போக்கும்போது முதலில் திரையை வெளியே கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் விதைத்தூள் எல்லா இடத்துக்கும் பரவும். பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கம்போலத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். குளோரின் பிளீச் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், போத்தலில் போட்டிருக்கும் அளவுப்படி. வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். நூலுக்குள் கறுத்துப்போன புள்ளி முழுதாகப் போகாது. அந்தத் திரையைக் களஞ்சிய அறைக்கு மாற்றிவிடலாம்.

குளிரைத் தடுக்கத் தடித்த லைனிங் போடலாமா?

படுக்கையறைக்குப் போடுங்கள். சாப்பாட்டறையில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுமே அது தேவைப்படும். தைத்து இணைத்த லைனிங் இரண்டு படை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காயாமல் நிற்கும். அதைவிட இரட்டைக் கம்பி நல்லது. கண்ணாடிப் பக்கம் வொயில், அறைப் பக்கம் நடுத்தரத் துணி. பகலில் வொயில் மட்டும், இரவில் இரண்டும். இரண்டையும் தனித்தனியாகத் துவைக்கலாம், தனித்தனியாகக் காயும். ஆனால் குளிர் கண்ணாடி வழியாக மட்டுமல்ல, சட்டத்தின் இடுக்கு வழியாகவும் வரும். பழைய மரச் சட்டமானால் முதலில் இடுக்குகளை அடைத்துவிட்டு, பிறகு துணியைப் பற்றி யோசியுங்கள்.

பிளைன்ட் போடலாமா?

சிறிய ஜன்னலுக்கும், மேசை ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் அறைக்கும் திரையைவிட பிளைன்ட் வசதி. துணி தட்டில் விழும் கவலை இல்லை. வகைக்கு வகை குறை வேறு.

கிடைப் பட்டைகளால் ஆன அலுமினிய வெனிஷியன் ஈரத்துக்கு அஞ்சாது. ஆனால் அடுப்படியோடு திறந்த சாப்பாட்டறையில் ஒவ்வொரு பட்டையிலும் எண்ணெய்த் தூசு ஒட்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் நனைத்த துணியால் பட்டை பட்டையாகத் துடைக்கப் பொறுமை வேண்டும். மேலே சுருட்டி ஏற்றும் ரோலர் பிளைன்டைத் துடைப்பது சுலபம், சாப்பாட்டறைக்கு எங்கள் முதல் தெரிவு அதுதான். மூங்கில் தட்டி பார்க்க அழகு, ஊவாப் பக்கம் தாக்குப்பிடிக்கும். மேற்குச் சரிவில் கட்டிய நூலிலேயே பூஞ்சணம் ஏறும். நெடும் பட்டைகள் தொங்கும் வேர்ட்டிகல் பிளைன்ட் காற்றுக்கு ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். அது கந்தோருக்குச் சரி, சாப்பிடும் இடத்துக்கு ஆகாது.

சட்டத்துக்கு உள்ளே பொருத்துவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து மிகச் சிறியதைக் கொடுங்கள். அது சட்டத்தின் அளவு என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். பொறிமுறைக்கான இடத்தை அவர்கள் கழித்துக்கொள்வார்கள், நீங்களும் கழித்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒழுகும். மூன்று அளவுகளுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணல். அப்போது வெளியே சுவரில் பொருத்துங்கள். உள்ளே திறக்கும் ஜன்னல் கதவுக்கும், உள்பக்கம் கிறில் வைத்த ஜன்னலுக்கும் இதுவே வழி.

கம்பி அடிக்கடி சுவரோடு பெயர்ந்து விழுகிறது.

ஆணிக்குப் பிடி சாந்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். சுவர்ப் பூச்சு அரை முதல் முக்கால் அங்குலம் இருக்கும். ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். 6 மில்லிமீற்றர் பிட்டால் 2 அங்குல ஆழத்துக்குத் துளைத்து, தூளை ஊதி எடுத்து, 6 மில்லிமீற்றர் பிளக்கைப் பூச்சுக்கு உள்ளே தள்ளி, 2 அங்குல ஸ்குரூ போடுங்கள். ஜன்னலுக்கு நேர் மேலே பெரும்பாலும் கொங்கிறீட் லின்டல் இருக்கும். சாதாரண டிரில் அதில் வழுக்கும், ஹெமர் டிரில் வேண்டும்.

பழைய தோட்டத்து வீடுகளில் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே துளைத்தால் சாந்து மாவாகக் கொட்டும். அங்கே 4 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள பலகையைக் கம்பியின் முழு நீளத்துக்கும் வைத்து, உறுதியான கல் கிடைக்கும் நான்கைந்து இடங்களில் சுவரோடு இறுக்கிவிட்டு, பிராக்கெட்டைப் பலகையில் பூட்டுங்கள். ஈரச் சுவரில் இரும்பு ஸ்குரூ துருப்பிடித்துச் சிவப்புக் கோடு வழியும், பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள்.

4 அடிக்கு மேற்பட்ட கம்பிக்கு நடுவிலும் ஒரு பிராக்கெட் தேவை. ஐலெட் அதைத் தாண்டிப் போகாது என்பதால் இரண்டு திரைகளும் சந்திக்கும் இடத்திலேயே அதை வையுங்கள்.

லயக் காம்பிராவில் தனிச் சாப்பாட்டறை ஏது?

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பது ஒரே அறையும் ஒரு சின்ன ஜன்னலுமாக இருந்தால் வெளிச்சத்தை மறைக்காமல் மறைவு மட்டும் கிடைக்க வேண்டும். ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் அரைத்திரை போடுங்கள். சட்டத்தின் இரு பக்கமும் கொளுக்கி வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட சுருள் கம்பியை இழுத்து மாட்டினால் போதும், சுவரைத் துளைக்கவே வேண்டாம். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நடப்பவர் கண்ணுக்குத் தட்டு தெரியாது, மேல் பாதியில் வெளிச்சம் வரும். 2½ அடி அகல ஜன்னலுக்கு ஒன்றரை யார் துணி தாராளம். விறகு அடுப்பு அதே அறையில் என்றால் புகைக்கரி படியும், வாரம் ஒருமுறை கழற்றித் துவைக்கும்படி இரண்டு தைத்து வையுங்கள்.

பழைய சேலையைத் திரையாகத் தைக்கலாமா?

தாராளமாக. பருத்திச் சேலை ஏற்கனவே சுருங்கி முடிந்தது, அதுவே பெரிய இலாபம். 6 யார் சேலை 216 அங்குலம், 70 அங்குலமாக மூன்று துண்டு வரும். 45 அங்குல அகலத்தில் திரைக்கு ஒன்றரைத் துண்டு வைத்தால் மடிப்புப் போக இரண்டு திரைக்கும் 127 அங்குலம். 4 அடி ஜன்னலுக்கு இரட்டைச் சுருக்கத்தோடு சரியாக இருக்கும். வெட்டுமுன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்த இடத்திலும் கரையோரத்திலும் நூல் நைந்திருந்தால் அந்தப் பகுதியை விலக்குங்கள். நைலோன், ஜோர்ஜட் சேலைகள் தீப்பட்டால் உருகிக் கையில் ஒட்டும், சாமி விளக்கோ அடுப்போ உள்ள அறையில் அவை வேண்டாம்.

காற்றுக்குத் திரை பறந்து கறிச் சட்டியில் விழுகிறது.

கச்சான் காலத்தில் ஊவாவில் இது பெரிய தொல்லை. கீழ் மடிப்பின் இரு மூலைகளிலும் ஒட்டுத் தையலின் அடியிலும் ஈயக் குண்டோ பழைய நாணயங்களோ சிறு துணிப்பையில் தைத்து வையுங்கள். பையை முழுதாக மூடாமல் இரண்டு தையலில் நிறுத்தினால் துவைக்கும்போது எடுக்கலாம். மேசைக்கும் திரைக்கும் இடையே ஓர் அடியாவது விடுங்கள். எரியும் விளக்கு, மெழுகுவர்த்தி என்றால் 3 அடி.

மஞ்சள் கறை எப்படிப் போகும்?

உடனே சவர்க்காரம் போடாதீர்கள். மஞ்சளின் நிறம் காரத்தில் சிவப்பாக மாறும், கறை பெருத்துவிட்டது என்று பயந்து இன்னும் தேய்ப்போம். முதலில் கரண்டியால் வழித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு எண்ணெயை எடுங்கள். பிறகு அலசி நேர் வெயிலில் போடுங்கள். மஞ்சள் சூரிய ஒளியில் தானாக வெளிறும், இரண்டு மூன்று பகல் ஆகலாம். மழை மாதமானால் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, வெயில் எட்டிப் பார்க்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) சிந்தினால் காயுமுன் குளிர்ந்த தண்ணீரில் அலசினாலே பெரும்பகுதி போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளைன்ட் கயிறு ஆபத்தா?

ஆம். வளையமாகத் தொங்கும் கயிறோ மணிச்சங்கிலியோ பிள்ளையின் கழுத்தில் சுற்றினால் சத்தமே இல்லாமல் மூச்சு அடைத்துவிடும். கயிறு இல்லாமல் கையால் இழுக்கும் ஸ்பிரிங் ரோலர் கேளுங்கள். ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் சங்கிலியை விறைப்பாகப் பிடிக்கும் கிளிப்பைச் சுவரில் அடியுங்கள். கயிற்றைத் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் கொளுக்கியில் சுற்றிக் கட்டுங்கள். ஜன்னலுக்குக் கீழே கதிரையோ வாங்கோ போட்டிருந்தால் அந்த 5 அடியும் பிள்ளைக்கு எட்டும், அதை வேறு சுவருக்கு நகர்த்துங்கள்.